ஏறக் கால்... இறங்கக் காற்று!

மலையேறிப் பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஏறியதைவிட இறங்கியதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். ஏறும்போது வாங்குகிற மூச்சு உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். இறங்கும்போது அடி வாங்குகிற முழங்கால் அப்படி அடங்குவதில்லை. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையிலிருந்து மூங்கில் கம்பை ஊன்றி ஊன்றி இறங்கி, மறுநாள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. வலி அங்கேதான் பிறக்கிறது.

இந்த இறக்கமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட ஒரு கூட்டம் உலகின் மலைகளில் இப்போது பெருகிவருகிறது. விடியும் முன்பே முதுகில் ஒரு பையோடு கிளம்புகிறார்கள். நடந்தே உச்சிக்குப் போகிறார்கள். அங்கே பையைத் திறந்து துணியை விரிக்கிறார்கள், சரிவில் நாலைந்து எட்டு ஓடுகிறார்கள், கால் தரையை விட்டு எழும்புகிறது. மூன்று மணி நேரம் வியர்த்து ஏறிய மலையிலிருந்து கால் மணி நேரத்தில் ஊருக்குள் இறங்கிவிடுகிறார்கள். 'ஹைக் அண்ட் ஃப்ளை' என்று உலகம் முழுக்க இதற்குப் பெயர். பாராகிளைடிங்கின் ஒரு கிளைதான் என்றாலும், ஜீப்பிலோ கேபிள் காரிலோ உச்சிக்குப் போகாமல் கால்நடையாகவே போவது இதன் முதல் விதி.

பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள ஷமோனி நகரம் இதற்கு நல்ல உதாரணம். ஊர் சுமார் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே சுமார் 2,000 மீட்டரில் பிளான்பிரா என்ற புல்சரிவு. எதிரே 4,800 மீட்டரைத் தாண்டி நிற்கிறது மோன் பிளாங். பிளான்பிராவுக்குக் கேபிள் கார் உண்டு. அதை விட்டுவிட்டுக் காட்டுப்பாதையில் ஏறுகிறவர்களைக் காலையில் பார்க்கலாம். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஒரு பாராகிளைடர் அசையாத காற்றில் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கும். கணக்குப் போட்டால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் முழங்காலுக்கு வேலையே இல்லை.

பைக்குள் என்ன இருக்கிறது?

பறக்கிறவர்கள் தங்கள் பாராகிளைடரை 'விங்' என்பார்கள். வழக்கமான விங் ஒன்று ஐந்து, ஆறு கிலோ. உட்கார்ந்து பறக்கும் ஹார்னஸ் இன்னொரு ஐந்து கிலோ. ஆபத்துக்கு உதவும் ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், இவற்றையெல்லாம் திணிக்கிற பெரிய பை என்று கூட்டினால் 15 முதல் 20 கிலோ வரை வந்துவிடும். அதைச் சுமந்து ஆயிரம் மீட்டர் ஏறுவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இன்று இதே பொருட்கள் ஆறு முதல் எட்டு கிலோவுக்குள் கிடைக்கின்றன. ஓரிரவு தங்கப்போகிறவர் முதுகில் கொண்டுபோகும் பையைவிட எடை குறைவு.

இது எப்படி நடந்தது என்பதைத் துணியில் கைவைத்துப் பார்த்தால்தான் புரியும். விங் தைக்கப்படுவது காற்றுப் புகாதபடி பூச்சு பூசிய நைலானில். வழக்கமான துணி சதுர மீட்டருக்கு நாற்பது கிராம் அளவில் இருக்கும். பிரான்ஸில் நெய்யப்படும் 'ஸ்கைடெக்ஸ் 27' என்ற துணி, பெயரிலேயே சொல்வதுபோல, சதுர மீட்டருக்கு 27 கிராம் ரகம். விரலிடுக்கில் பிடித்தால் சரசரக்கும், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் மறுபக்கம் நிழலாடும். ஒரு விங்கில் மேல்துணி, கீழ்த்துணி, நடுவே அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புத் துணிகள் எனப் பல பத்துச் சதுர மீட்டர் துணி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு கிராம் மிச்சமானால் துணியில் மட்டுமே அரை கிலோவுக்கு மேல் குறைந்துவிடுகிறது.

அடுத்தது கயிறு. விங்குக்கும் மனிதருக்கும் நடுவே ஓடும் மெல்லிய கயிறுகளையெல்லாம் ஒன்றாக நீட்டினால் இருநூறு மீட்டருக்கு மேல் வரும். அவற்றின் மேல் இருந்த நூல் உறையை உரித்துவிட்டார்கள். எஃகு வளையங்கள் இருந்த இடத்தில் டைனீமா இழையில் பின்னிய சின்னக் கயிற்று வளையங்கள் வந்துவிட்டன. தோளுக்கு மேலே கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரைசர் என்ற பட்டைகள் விரல் அகலத்துக்கும் கீழே சுருங்கிவிட்டன. ஹார்னஸில் இருந்த உட்காரும் பலகை போயே போய்விட்டது. பல ஹார்னஸ்கள் உள்வெளியாகத் திருப்பினால் தோள்பையாக மாறுகின்றன. ஏறும்போது பை, இறங்கும்போது இருக்கை. மலையேறிகளுக்காக யோசித்துத் தைத்த யாரோ ஒருவருடைய அக்கறை அந்தத் தையலில் தெரிகிறது.

எடை குறைந்தால் வலு குறையுமே என்ற பயம் நியாயமானது. ஐரோப்பியத் தரச் சோதனையில் விங்கை வண்டியில் கட்டி இழுத்து, அது சுமக்க அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைப்போல எட்டு மடங்கைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கனமான விங்குக்கும் லேசான விங்குக்கும் சோதனை ஒன்றுதான். உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. மெல்லிய துணி பாறையில் உரசினால் சீக்கிரம் கிழியும், வெயிலில் சீக்கிரம் தளரும். உறையில்லாத கயிறு முள்ளிலும் குச்சியிலும் மாட்டிக்கொள்ளும். வாரம் முழுக்கப் பறக்கிறவர் இதை வாங்கினால் வெகு சீக்கிரம் புதிது தேட வேண்டியிருக்கும்.

இதிலும் ஒரு படி மேலே போய், கீழ்த்துணியையே எடுத்துவிட்ட 'சிங்கிள் ஸ்கின்' விங்குகள் வந்திருக்கின்றன. மேல்துணி மட்டும்தான், எடை ஒரு கிலோவை ஒட்டி. சின்னப் பையில் அடங்கிவிடும், காற்றே இல்லாத இடத்திலும் சட்டென்று தலைக்கு மேல் எழும்பும். ஆனால் சறுக்கும் தூரம் குறைவு. நல்ல இரட்டைத்துணி விங் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு, ஒன்பது மீட்டர் முன்னே போகும். இது அவ்வளவு போகாது. இறங்கும் கணத்தில் பிரேக்கை இழுத்து வேகத்தைக் கொல்வதும் இதில் கடினம். அனுபவமுள்ள மலையேறிகளின் கருவி இது. புதிதாகக் கற்கிறவர் எடையைப் பார்த்து மயங்கி இதை வாங்கக் கூடாது.

மலையிலிருந்து பிறந்து மலைக்கே திரும்பியது

பாராகிளைடிங்கின் வரலாற்றைப் பார்த்தால், ஹைக் அண்ட் ஃப்ளை ஒன்றும் புதுமோகம் இல்லை என்று தெரிகிறது. அமெரிக்காவில் டேவிட் பாரிஷ் என்ற பொறியாளர் 1965-லேயே தான் வடிவமைத்த துணி இறக்கையோடு பனிச்சறுக்கு மலைச்சரிவிலிருந்து பறந்து காட்டினார். யாரும் பின்தொடரவில்லை. 1978 ஜூன் மாதம் பிரான்ஸின் மியூசி என்ற மலைக்கிராமத்தில் ழான்-குளோத் பெத்தோம், ஆந்த்ரே போன், ஜெரார் போசோன் என்ற மூன்று பாராசூட் வீரர்கள் பாராசூட்டை விரித்துக்கொண்டு சரிவில் ஓடினார்கள். குறிப்பிட்ட புள்ளியில் இறங்கும் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. மலையிலிருந்து குதித்தால் அந்தச் செலவு மிச்சம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. மறு ஆண்டே அந்தக் கிராமத்தில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. உலகின் முதல் பாராகிளைடிங் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

உடனே இதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆல்ப்ஸ் மலையேறிகள். அந்தக் கால விங் தையலில் எளியது, பையில் அடங்குவது. ஒரு சிகரத்தில் ஏறி, அதில் பறந்து இறங்கி, ஒரே நாளில் அடுத்த சிகரத்துக்குப் போய்விடலாம் என்று கண்டுகொண்டார்கள். 1988 செப்டம்பர் 26 அன்று பிரெஞ்சு மலையேறி ழான்-மார்க் புவாவான் எவரெஸ்ட் உச்சியிலிருந்தே பறந்து, சுமார் 12 நிமிடத்தில் இரண்டாம் முகாமில் இறங்கினார். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாற்பது சதவீதம்தான். காற்று மெலிய மெலிய விங்கைத் தூக்க அதிக வேகம் வேண்டும். சமவெளியில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில், பிராணவாயு போதாத நுரையீரலோடு, பனிச்சரிவில் ஓட வேண்டும். அதைச் செய்துவிட்டு வந்த மனிதர் அவர்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், பறப்பவர்களுக்குத் தூரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் என்று போகப்போக விங் நீண்டது, அறைகள் பெருகின, ஹார்னஸ் தடித்தது, எடை ஏறியது. மலையடிவாரத்துக்கு வண்டி, உச்சிக்குக் கேபிள் கார் என்றானது. நடை நின்றுபோனது. எடை குறைந்த துணி வந்த பிறகுதான் பாராகிளைடிங் தன்னைப் பெற்ற மலைப்பாதைக்குத் திரும்பியது.

அந்தத் திரும்புதலை வேகப்படுத்தியது ஒரு பந்தயம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்னஸ் ஆர்ஷின் யோசனையில் 2003-ல் தொடங்கிய 'ரெட் புல் எக்ஸ்-ஆல்ப்ஸ்'. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை நடந்தோ பறந்தோ மட்டுமே கடக்க வேண்டும். வேறு வாகனம் கூடாது. விங்கையும் மற்ற கட்டாயப் பொருட்களையும் போட்டியாளரே சுமக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தப் பந்தயத்தில் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் மவுரர் 2009 முதல் 2023 வரை எட்டு முறை தொடர்ந்து வென்றார். இப்படிப்பட்ட வீரர்களுக்காக கிராம் கிராமாகக் குறைத்த நுட்பங்கள்தான் சில ஆண்டுகளில் சாதாரண நடைப்பயணியின் பைக்கு வந்து சேர்ந்தன.

சாதனைகள் இன்னும் நிற்கவில்லை. 2024 ஜூலையில் பிரான்ஸின் பெஞ்சமின் வெட்ரின் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் கே2 சிகரத்தைப் பதினோரு மணி நேரத்துக்குள் ஏறி, உச்சியிலிருந்து பறந்து இறங்கினார். கே2-வில் இறங்கும்போது இறந்தவர்கள் பலர். அந்த மலையில் இறக்கத்தைத் தவிர்ப்பது சொகுசுக்காக இல்லை.

ஆனால், என் மனதில் நிற்பது இரண்டு நேபாளிகளின் கதை. லக்பா ஷெரி ஷெர்பா எவரெஸ்ட்டைப் பலமுறை ஏறியவர், பறக்கும் அனுபவம் சொற்பம். சனோ பாபு சுனுவார் பொக்காராவில் பாராகிளைடிங் பைலட், பெரிய சிகரம் எதையும் ஏறியதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தங்கள் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். 2011 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியிலிருந்து ஒரே விங்கில் இருவருமாகப் பறந்தார்கள். மேலெழும் காற்று கிடைத்ததில் புறப்பட்ட உச்சியைவிடச் சற்று மேலேயே போனார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் நாம்சே பஜார் பக்கம் தரையிறங்கினார்கள். அதோடு விடவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் கயாக் படகு பிடித்து, கங்கை வழியாக வங்கக் கடல் வரை போய்ச் சேர்ந்தார்கள். லக்பாவுக்கு நீச்சல் தெரியாது! பெரிய நிறுவனங்களின் பின்பலமின்றி, இரண்டு மலைக்காரர்கள் தங்கள் மலையிலிருந்து கடலுக்குப் போன அந்தப் பயணத்துக்காக நேஷனல் ஜியாகிரஃபிக் வாசகர்கள் அவர்களை ஆண்டின் சிறந்த சாகசக்காரர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

உச்சியில் எடுக்க வேண்டிய முடிவு

இனி, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

விடியற்காலையில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தாக்கை நோக்கி வழியும். அப்போது உச்சியில் நிற்பவருக்குக் காற்று முதுகில் படும். முதுகுக் காற்றில் ஓடினால் விங் எழும்பாது; அரைகுறையாக எழும்பினால் அதைவிட மோசம். கிழக்குச் சரிவில் வெயில் விழுந்து பாறை சூடாகத் தொடங்கியதும் காற்று திரும்பி மேலேறும், முகத்தில் மெல்ல வருடும். பறப்பவர் காத்திருப்பது அந்த நேரத்துக்காக. நேரம் போகப்போக வெயில் ஏறி, வெப்பக் காற்று தூண் தூணாகக் கிளம்பும். தெர்மல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தேர்ந்தவர்கள் அதில் வட்டமடித்து மேலே போவார்கள். புதியவர்களை அது தூக்கிப் போடும். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று வலுத்தால் இறங்கும் இடமே ஆபத்தாகிவிடும். ஆக, அமைதியாகப் பறந்து இறங்க ஒரு நாளில் கிடைப்பது சில மணி நேரம்தான்.

அந்த நேரத்தில் உச்சியில் ஒருவரைக் கவனியுங்கள். முதலில் ஒரு பிடி புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுகிறார். விங்கைப் பிறை வடிவில் விரித்து, கயிறுகளை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, சிக்கல் இல்லையா, சுள்ளி மாட்டவில்லையா என்று பார்க்கிறார். ஹெல்மெட்டின் பட்டை, மார்புப் பட்டை, இரண்டு தொடைப் பட்டைகள் என்று கையால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். தொடைப் பட்டையைப் போட மறந்து பறந்து உயிர்விட்டவர்கள் உண்டு. அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புகிறார்கள். மறுபடி புல். பிறகு ஓரடி, ஈரடி... கயிறு இறுகி விங் சரசரவென்று தலைக்கு மேல் எழும்புகிறது. அண்ணாந்து பார்க்கிறார். நேராக நின்றால் ஓடுகிறார், கோணலாக இருந்தால் பிரேக்கை இழுத்துத் துணியைக் கீழே போட்டுவிடுகிறார். முழுதாக ஐந்து நொடிகூட ஆவதில்லை.

இந்த இடத்தில்தான் எடையின் உண்மையான பயன் தெரிகிறது. இருபது கிலோவைச் சுமந்து ஏறியவருக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்ல மனம் வராது. மறுபடி அதே சுமையோடு முழங்கால் நோக இறங்க வேண்டுமே என்ற அலுப்பு, காற்று சரியில்லை என்று கண் சொல்வதை மறைத்துவிடும். ஏழு கிலோ சுமப்பவர் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். சாதாரண மலைநடையாக அந்த நாள் முடியும். பறப்பதை எளிதாக்கியதற்காகத்தான் எல்லோரும் இந்த மெல்லிய துணியைப் புகழ்கிறார்கள். பறக்காமல் திரும்புவதை எளிதாக்கியதற்காக நான் அதைப் புகழ்வேன். நடந்து ஏறுவதிலும் இந்த நன்மை இருக்கிறது. மூன்று மணி நேரம் மலையோடு இருந்தவருக்கு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, மரக்கிளை எப்போது அசையத் தொடங்கியது, பருந்து இறக்கை அடிக்கிறதா மிதக்கிறதா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். கேபிள் காரில் பத்து நிமிடத்தில் வந்து இறங்குபவருக்கு அது தெரியாது.

அதே எடைக்குறைப்பு இன்னொரு ஆசையையும் தூண்டுகிறது. ரிசர்வ் பாராசூட் ஒரு கிலோ, முதுகுக் காப்பு அரை கிலோ. 'இன்று சும்மா இறங்கத்தானே போகிறோம்' என்று இவற்றை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வெறும் கயிற்று ஹார்னஸும் சிங்கிள் ஸ்கின் விங்குமாக மூன்று கிலோவுக்குள் பறப்பதைப் பெருமையாகக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. துணியில் குறையுங்கள், கயிற்றில் குறையுங்கள், தண்ணீர் பாட்டிலில்கூடக் குறையுங்கள். ரிசர்வும் ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும் குறைக்கிற பட்டியலில் வரவே கூடாது. விங் மடங்கினால் அதைச் சரிசெய்யக் கிடைப்பது நொடிகள்தான். ரிசர்வ் அந்த நேரத்துக்கானது.

நம் நாட்டில்?

இந்தியாவில் இதற்கான இடம் இமாசலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங். தௌலாதார் மலைத்தொடரின் மடியில் திபெத்தியக் குடியிருப்போடு கூடிய சிற்றூர் பீர், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில். மேலே சுமார் 2,400 மீட்டரில் பில்லிங் என்ற புல்சரிவு. 2015-ல் இங்கே பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பெரும்பாலோர் 14 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஜீப்பில் போகிறார்கள். காட்டுக்குள் நடைபாதையும் உண்டு. ஷமோனியைப்போலவே இங்கும் ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்தான். பறக்கும்போது இமயத்துப் பாறுக் கழுகுகள் பக்கத்திலேயே வட்டமடிக்கும். தெர்மல் எங்கே இருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே பைலட்டுகள் கண்டுபிடிக்கிறார்கள்.

தமிழகத்தில் பல நல்ல உச்சிகள் காப்புக்காடுகளுக்குள் இருக்கின்றன. அங்கே நடப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். விங்கை முதுகில் போட்டுக்கொண்டு கண்ட மலையில் ஏறிவிட முடியாது, ஏறவும் கூடாது. பக்கத்தில் பறக்க வேண்டுமென்றால் கேரளத்தின் வாகமண் இருக்கிறது. முறையாகக் கற்க மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டிலும் பீரிலும் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் தட்டையான மைதானத்தில் விங்கைத் தலைக்கு மேல் நிறுத்தப் பழக்குவார்கள். பலருக்கு அதுவே அலுப்பாக இருக்கும். ஆனால் உச்சியில் அந்த ஐந்து நொடியில் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான். வழக்கமான விங்கில் போதிய அளவு பறந்த பிறகே லேசான விங்குக்கு மாற வேண்டும். புதிதாக எல்லாம் வாங்கினால் சில லட்சம் ரூபாய் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் ஆசைக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால், பைலட்டோடு சேர்ந்து பறக்கும் டேண்டம் போதும். பீருக்குப் போகிறவர்கள் அக்டோபர், நவம்பரைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாசலத்தில் பாராகிளைடிங்குக்குத் தடை. பைலட்டின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஹார்னஸில் ரிசர்வ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தொடைப் பட்டையை நீங்களே தொட்டுப் பாருங்கள். உச்சிக்குப் போன பிறகு 'காற்று சரியில்லை, இன்று வேண்டாம்' என்று பைலட் சொன்னால், கொடுத்த காசை நினைத்து அவரை வற்புறுத்தாதீர்கள். நடந்து இறங்க ஒரு நல்ல ஷூவும் ஒரு கைத்தடியும் எடுத்துப் போங்கள்.